இரண்டு கோமதிநாயகங்களும் நலம்

டாக்டர்களிடம் கோமதிநாயகத்துக்குப் பிடித்த விஷயமே அவர்கள் உத்தரவு போடுவதுதான். இதைச் சாப்பிடு, அதை விடு, நாளைக்கு வெறும் வயிற்றோடு வா என்று ஒருவர் சொல்லிவிட்டால் மனுஷனுக்கு எவ்வளவு நிம்மதி! சரியாகப் போனால் நம் அதிர்ஷ்டம், தப்பாகப் போனால் அவர் தப்பு. ஆனால் இந்தப் புதுச் சட்டம் வந்ததிலிருந்து டாக்டர்கள் வாயைத் திறப்பதில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத எந்த ஆபரேஷனையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நோயாளிதான் யோசித்துத் தன் வாயால் சொல்ல வேண்டுமாம். அப்படிச் சொல்வதற்கு முன்னால், இனிமேல் வரப்போகும் தன்னைத் தானே நேரில் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டுமாம்.

அப்படிப் பேசுகிற இடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஊர் வைத்த பெயர் ரெட்டையறை.

பாளையங்கோட்டைப் பொருநை ரத்தநாள மையத்தில், அந்த ரெட்டையறையின் வாசலில், காலைக் காப்பியின் தைரியத்தில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி உலகம்மை. விஷயம் அவருடைய வலது கால். கெண்டைக்காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் சுருங்கிவிட்டது. உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, படுத்தால் ஒன்றுமில்லை. நடந்தால் மட்டும், ஒரு தெரு தாண்டுவதற்குள், யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல உள்ளே முறுக்கும். நின்றுவிட்டால் நல்ல பிள்ளையாகப் போய்விடும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வலிக்கிறது என்று சொல்லும் பழக்கம் அவருக்குப் பிறவியிலேயே கிடையாது. சர்க்கரைக்காகச் செய்த சோதனையில் கால் தானாக மாட்டிக்கொண்டது.

நடுத்தெருவில் சும்மா நின்றால் போகிறவன் வருகிறவன் எல்லாம் என்ன ஏது என்று கேட்பான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கார்கள் தாமே ஓடக் கற்றுக்கொண்டுவிட்டன, அதனால் அவருடைய கோமதி டிரைவிங் ஸ்கூலை மூட வேண்டியதாயிற்று. ஆனால் எத்தனை விஞ்ஞானம் வந்தும் திருநெல்வேலிக்காரர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை மட்டும் விடவில்லை. படம் போட்டுச் சுவரில் ஒட்டினால்தான் செத்ததாகக் கணக்கு. கால் எங்கே முறுக்குகிறதோ அங்கே கோமதிநாயகம் ஒரு போஸ்டர் முன்னால் நின்றுவிடுவார். தோற்றம், மறைவு, பட்டப்பெயர், பேரன் பேத்திகள் பெயர் வரைக்கும் பொறுமையாக வாசிப்பார். வாசித்து முடிப்பதற்குள் கால் சரியாகிவிடும். எவ்வளவு இரக்க சுபாவம் பாருங்கள் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

"அண்ணாச்சி, வாங்க" என்று கதவைத் திறந்தாள் சபூரா. நோயாளிகள் முடிவெடுக்க உதவுவதுதான் அவள் வேலை. மேலப்பாளையத்துக்காரி, நாற்பது வயது, சிரித்த முகம். "உள்ள ரெண்டு பேரு இருப்பாவ. பயந்துராதீங்க."

"யாரு?"

"நீங்கதான்."

உள்ளே ஒரு சோபா, அதற்கு எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. கோமதிநாயகம் நாலாபக்கமும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"இது என்ன, ஜோசியமா?"

"ஜோசியம் இல்ல அண்ணாச்சி. ஒரு மாசமா கையில ஒரு பட்டை கட்டியிருந்தீங்கள்லா? அது உங்க நடை, தூக்கம், ரத்த ஓட்டம், பேச்சு எல்லாத்தையும் படிச்சு வச்சிருக்கு. உங்க கால் மாதிரியே கால் உள்ள எத்தனையோ பேரோட கதையும் இந்த மெஷினுக்குத் தெரியும். ரெண்டையும் சேத்து, மூணு வருசம் கழிச்சு நீங்க எப்படி இருப்பீங்கன்னு ஒரு ஆளா உண்டாக்கிக் காட்டும். இப்படித்தான் நடக்கும்னு இல்ல. இப்படி நடக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

"நம்ம பேச்சு கூட வருமா?"

"பேச்சு, சிரிப்பு, கோவம், சமாளிப்பு, எல்லாம் அப்படியே வரும்."

கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. அங்கே இரண்டு நாற்காலிகளில் இரண்டு கோமதிநாயகங்கள் உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கத்தவர் ஆபரேஷன் செய்துகொண்டவர். வலது பக்கத்தவர் செய்யாமல் விட்டவர். கத்தி பட்டவர், கத்தி படாதவர் என்று நம் ஆள் மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டார். இருவருக்கும் முன்னந்தலை இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. அதுதான் அவருக்கு முதல் வருத்தம்.

"கேளுங்க அண்ணாச்சி. உங்ககிட்ட நீங்க என்ன வேணா கேக்கலாம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னவே, எப்படி இருக்கீரு?" என்றார்.

"நல்லா இருக்கேன். எனக்கென்ன?" என்றார் கத்தி பட்டவர்.

"எனக்கென்ன கேடு? நல்லா இருக்கேன்" என்றார் கத்தி படாதவர்.

"காலு?"

"அது அதுபாட்டுக்குக் கெடக்கு" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சபூரா முன்னால் வந்தாள். மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்டாள். ஏறத்தான் செய்கிறேன் என்றார்கள். வலி உண்டா என்றாள். வலி யாருக்குத்தான் இல்லை என்றார்கள். கடைசியில், எடுத்த முடிவு சரிதான் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டாள்.

"பண்ணியாச்சு. பொறவு என்ன பேச்சு?" என்றார் ஒருவர்.

"பண்ணல. பொறவு என்ன பேச்சு?" என்றார் மற்றவர்.

கோமதிநாயகத்துக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. மூன்று வருஷம் கழித்தும், மெஷினுக்குள் போட்டு ஆட்டியும் ஆள் அசையவில்லை பாருங்கள்! கெட்டிக்காரப் பய என்று இரண்டு பேரையும் மனதாரப் பாராட்டினார்.

சபூரா போய் டாக்டர் ஜெபசிங்கை அழைத்துவந்தாள். அவரும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு, "மெஷின்ல ஏதாவது கோளாறா?" என்றார்.

"மெஷின் ரொம்பச் சரியா இருக்கு சார். அதான் கோளாறு" என்றாள் சபூரா. "எல்லாரும் இங்க வந்து தன்கிட்டத் தானே அழுவாங்க. எதிர்காலத்துல உக்காந்துகிட்டும் சமாளிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கேன்."

"சார், நீங்களே சொல்லிருங்களேன்" என்றார் கோமதிநாயகம் கெஞ்சலாக. "நீங்க சொன்னா நான் மறுபேச்சு பேச மாட்டேன்."

"அதைத்தான் நான் செய்யக்கூடாது" என்றார் டாக்டர். அவர் குரலில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது. அவரும் பழைய காலத்தில் உத்தரவு போட்டுப் பழகியவர். "நிலவரத்தை மட்டும் சொல்லுதேன். டிரைவிங் ஸ்கூல் வச்சிருந்தவரு, உங்களுக்கு ஈசியாப் புரியும். ஊருக்குள்ள ரோடு அடைச்சுப்போச்சு. தொடையில இருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து பைபாஸ் ரோடு போடலாம். போட்டா நல்லா நடக்கலாம். ஆனா ஆபரேஷன்னா ஆபரேஷன்தான். ஆயிரம் பேருக்கு நல்லா ஆகும், சிலருக்குப் புண்ணு ஆறாது, சிலருக்கு நெஞ்சு தாங்காது, சிலருக்குப் போட்ட பைபாஸே சில வருசத்துல அடைச்சிரும். பண்ணலன்னா, பெரும்பாலும் இப்படியே ஓடும். சிலருக்கு மோசமாகும். இன்னைக்கே காலு போயிராது. அதனாலதான் இது உங்க இஷ்டம்."

"வேற வழியே கிடையாதா?"

"ஒண்ணு உண்டு. நடைப்பயிற்சி. வலி வாற வரைக்கும் நடக்கணும், அது நல்லா ஏறுற வரைக்கும் பல்லைக் கடிக்கணும், நின்னு ஆறணும், திரும்ப நடக்கணும். தினமும். பக்கத்துலயே குட்டி குட்டியாப் புதுப் பாதை உண்டாகும். ஆனா உங்க விசயத்துல மெஷின் அதைக் காட்டவே மாட்டேங்குது. ரெண்டாவது வாரமே விட்ருவீங்களாம்."

"அது சரியாத்தான் சொல்லுது" என்று ஒத்துக்கொண்டார் கோமதிநாயகம்.

அந்த நேரம் பார்த்து ஓசூரிலிருந்து மகன் கூப்பிட்டான். "அப்பா, டாக்டர் சொல்லுதத கேளுங்க" என்றான். "அவரு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்காருடா" என்று போனை வைத்தார்.

சபூரா யோசித்தாள். "அண்ணாச்சி, மதினியை உள்ள கூப்பிடட்டுமா? நீங்க சரின்னு சொன்னாத்தான் கூப்பிட முடியும்."

"கூப்பிடுங்க, கூப்பிடுங்க. அவளுக்கு இதுல என்ன தெரியப்போவுது?"

உலகம்மை உள்ளே வந்து கண்ணாடியைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "ஒண்ணையே தாங்க முடியல. இதுல ரெண்டு வேறயா?" என்றாள். பிறகு பக்கத்தில் போய் இருவர் முகத்தையும் நன்றாக உற்றுப் பார்த்தாள். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தி படாதவரிடம், காலை நடை முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் விசாரிப்பதுபோல, "என்ன, இன்னைக்கு யாரு போயிட்டா?" என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மூணு பேருட்டி. முருகன்குறிச்சி முக்குல பலசரக்குக் கடை அருணாசலம். எழுபத்தொண்ணு வயசு, 'கல்கண்டு'ன்னு பட்டப்பேரு. பள்ளிக்கூடத்துச் சுவர்ல ரிட்டயர்டு தாசில்தார் வீட்டு அம்மா, பேரன் பேத்தி பேரு எல்லாம் வரிசையாப் போட்டிருக்காவ, அதுலயே பாதி போஸ்டர் போயிட்டு. பொறவு அந்தப் பெட்ரோல் பங்கு பக்கத்துல, நம்ம ரத்தநாள டாக்டர் ஜெபசிங்."

"நானா?" என்றார் ஜெபசிங்.

"பயப்படாதீங்க சார்" என்றாள் சபூரா. "பேரெல்லாம் மெஷின் சும்மா எடுத்துப் போடுது. அண்ணாச்சிக்குத் தெரிஞ்ச பேரா பாத்துப் போடும்."

"வயசு என்ன போட்டிருந்துதுன்னு மட்டும் கேளும்மா."

"வயசு சரியாப் பாக்கல. படத்துல நல்லா கம்பீரமா இருந்தீங்க" என்று ஆறுதல் சொன்னார் கத்தி படாதவர்.

உலகம்மை இந்தப் பக்கம் திரும்பினாள். கத்தி பட்டவரிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

"யாரு போனான்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?" என்றார் அவர். "நான் விறுவிறுன்னு போனேன், விறுவிறுன்னு வந்துட்டேன்."

உலகம்மை கையைத் தட்டினாள். "போதும் டாக்டர். ஆபரேஷன் பண்ணிருங்க."

சபூராவுக்கும் டாக்டருக்கும் ஒன்றும் புரியவில்லை. கோமதிநாயகத்துக்குப் புரிந்துவிட்டது. காது சூடாகிவிட்டது.

"இவுகளுக்கு நடந்தா காலு வலிக்கும்" என்று உலகம்மை சபூராவிடம் சொன்னாள். "வலிச்சா போஸ்டர் முன்னால நிப்பாவ. அந்த அருணாசலங்கிட்ட இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. கருப்பட்டியில கல்லு இருந்துதுன்னு சண்டை. அப்படிப்பட்ட மனுசன் திடீர்னு ஊர்ல சாவுதவங்க பட்டப்பேரெல்லாம் ஒப்பிக்க ஆரம்பிச்சா, கட்டினவளுக்குத் தெரியாதா? காலையில வந்து ரெண்டு பேரு போயிட்டான்னு சொன்னா ரெண்டு தடவை வலிச்சிருக்குன்னு அர்த்தம். மழைக்காலத்துல ஒரே நாள்ல ஆறு பேரைக் கொன்னுட்டு வந்தாவ."

"தெரிஞ்சுகிட்டே ஏன்ட்டி கேக்கல?" என்றார் கோமதிநாயகம் மெல்ல.

"கேட்டா என்ன சொல்லுவீங்க? நல்லா இருக்கேன், எனக்கென்னம்பீங்க."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாம் முடிந்ததுபோலத்தான் இருந்தது. ஒருவர் நின்று நின்று நடக்கிறார், ஒருவர் நிற்காமல் நடக்கிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சபூரா முடிவைப் பதிவு செய்யும் பச்சை விளக்கைப் போட்டாள். "சொல்லுங்க அண்ணாச்சி. உங்க வாயால சொன்னா போதும்."

கோமதிநாயகம் சொல்லவில்லை. அவர் கத்தி பட்டவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல திடமான கால். ஆனால் அருணாசலம் செத்தது தெரியவில்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாரே என்று என்னவோ ஒரு பயம் வந்தது.

ஏனென்றால் போஸ்டரோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஒருநாள் அப்படி வாசித்துக்கொண்டு நின்றபோது, இறந்தவருடைய மகனே பின்னால் வந்து, அப்பாவோடு பழக்கமா என்று கேட்டுவிட்டான். இல்லை, எனக்குக் கால் வலி என்றா சொல்ல முடியும்? ரொம்ப நாள் பழக்கம் என்றார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் அவரிடம் வண்டி ஓட்டப் படித்தவர்கள். "சார், நீங்கதான எனக்குக் கிளச் விட்டுப் பழக்கினீங்க" என்று எழுந்து நின்றார்கள். டிரைவிங் ஸ்கூலை மூடியபிறகு அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அன்று ஐஸ் பெட்டிக்கு யாருக்குப் போன் செய்வது என்று தெரியாமல் அந்த வீட்டில் விழித்தார்கள். அவர் செய்தார். அடுத்த வீட்டுக்கும் செய்தார். இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு சாவு என்றால் பந்தல்காரருக்கு முன்னால் கோமதிநாயகத்துக்குத்தான் தகவல் போகிறது. கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிற தாய்மாமனைச் சமாதானப்படுத்தி உள்ளே அழைத்துவருவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"வே, சாவு வீட்டுக்கெல்லாம் போவீரா?" என்று கத்தி பட்டவரிடம் கேட்டார்.

"தெரிஞ்சவங்க வீடுன்னா போவேன்."

"பொறவு நாளெல்லாம் என்ன செய்வீரு?"

"மைதானத்தைச் சுத்துவேன்."

"யாரு கூட?"

கத்தி பட்டவர் பக்கத்து நாற்காலியை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்தார். "நல்லா இருக்கேன் வே. எனக்கென்ன?"

அதை யாரும் கேட்கவே இல்லை. அந்தச் சிரிப்பு எந்தக் கடையில் வாங்கியது என்று கோமதிநாயகத்துக்கு நன்றாகத் தெரியும். தினம் காலையில் கண்ணாடி முன்னால் அவர் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புகிற சிரிப்புத்தான் அது.

"இவன் பொய் சொல்லுதான்" என்றார்.

"யாரு அண்ணாச்சி?" என்றாள் சபூரா.

"ரெண்டு பேருந்தான். அவனுக்குக் காலு வலிக்கு, மறைக்கான். இவனுக்குக் காலு நல்லாருக்கு, பேச ஆள் இல்ல. அதை மறைக்கான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்லா சொல்லிக்கொடுத்தேன்." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.  எத்தனையோ பேருக்கு மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கக் கற்றுக்கொடுத்தவர், ஒரு வார்த்தையை எடுக்க முடியாமல் திணறினார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு வலிக்கு டாக்டர். பத்து வீடு தாண்ட முடியல. வெளிய சொன்னா எங்க உக்காத்தி வச்சிருவாவளோன்னு பயம். காலு சரியாவணும். ஆனா சரியான பொறவு இந்தா இவனை மாதிரி ஆயிரக்கூடாது."

உலகம்மை அவரையே பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலக் குடும்பத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை.

டாக்டர் ஜெபசிங் சோபாவில் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமே! நீங்க இத்தன நாளா போஸ்டர் வாசிச்சதே பாதி வைத்தியம். நடக்கீங்க, வலிச்சா நிக்கீங்க, திரும்ப நடக்கீங்க. இதைத்தான் நான் பயிற்சின்னு சொன்னேன். என்ன, வலி தொட்டதும் நிக்காம இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கணும். மாத்திரையை ஒழுங்காப் போடணும். அந்த ரெண்டு சிகரெட்டையும் விடணும்."

"எந்த ரெண்டு சிகரெட்டு?" என்றார் கோமதிநாயகம், பழக்கதோஷத்தில். உடனே உலகம்மை பார்த்த பார்வையில், "சரி, விட்ருதேன்" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு. சும்மா உக்காந்திருக்கும்போது வலிச்சாலோ, கால்ல புண்ணு வந்து ஆறாம இருந்தாலோ அன்னைக்கே இங்க வந்துரணும். அப்பம் இந்த ரெட்டையறை எல்லாம் கிடையாது. நேரா தியேட்டர்தான்."

"சார், இங்க பாருங்க" என்றாள் சபூரா.

கண்ணாடிக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருவர் வந்து நின்றார். உட்காரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, வியர்த்து, இப்போதுதான் எங்கேயோ நடந்துவிட்டு வந்தவரைப்போல இருந்தார். "அண்ணாச்சி இப்ப பேசினதையும் சேத்து மெஷின் திரும்பக் கணக்குப் போட்டிருக்கு" என்றாள் சபூரா. "மூணாவது வழியைக் காட்டுது."

"எப்படி இருக்கீரு?" என்று கேட்டார் கோமதிநாயகம். 

"வலிக்கத்தான் செய்யுது வே" என்றார் மூன்றாமவர். "ஆனா முன்னைக்கு இப்பத் தேவலை. இப்பம்லாம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரே மூச்சுல போயிருதோம். வடக்குத் தெரு சாவு வீட்டுக்கு நடந்தே போயிட்டு வந்தோம்னா பாத்துக்கிடும்." சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பி, யாருமில்லாத இடத்தைப் பார்த்து, "இரு, வாறேன்ட்டி. என்ன அவசரம் உனக்கு?" என்றார்.

"யாருகிட்டப் பேசுதாவ?" என்றாள் உலகம்மை.

"உங்ககிட்டத்தான் மதினி. சம்மதம் வாங்காம இன்னொரு ஆளை உருவமாக் காட்டக்கூடாதுன்னு விதி. அதான் நீங்க தெரியல. கூட நடக்க ஆள் இருந்தாத்தான் அண்ணாச்சி விடாம நடப்பாவன்னு மெஷின் சொல்லுது."

எல்லாருக்கும் சந்தோஷம். டாக்டர் கைகுலுக்கினார். மகனுக்குச் செய்தி போயிற்று, அவன் அங்கிருந்து போனில் பூப் படம் அனுப்பினான். சபூரா மறுபடி பச்சை விளக்கைப் போட்டாள். கோமதிநாயகம் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கல்யாண வீட்டில் மைக் பிடித்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் பேரு கோமதிநாயகம். எல்லாத்தையும் கேட்டு, யோசிச்சுச் சொல்லுதேன். எனக்கு இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். தினமும் காலையில நானும் என் வீட்டம்மா உலகம்மையும்..."

"நில்லுங்க" என்றாள் உலகம்மை.

எல்லாரும் திரும்பினார்கள்.

"தினமும் காலையில நான் நடக்கணும்னு என்கிட்ட யாரு கேட்டா?"

 டாக்டர் சபூராவைப் பார்த்தார். சபூரா விளக்கை அணைத்தாள்.

"இவுக காலு, இவுக முடிவுன்னு சட்டம் போட்டிருக்கீங்க. நல்ல சட்டம்" என்றாள் உலகம்மை. அவள் குரலில் கோபமில்லை. "கண்ணாடிக்குள்ள நிக்கவரு, கூப்பிட்ட உடனே வந்துட்டேன்னு நினைச்சு என்கிட்டப் பேசிக்கிட்டிருக்காரு. வந்தேனா இல்லியான்னு எனக்கே தெரியாது. என் காலும் காலுதான?"

"மதினி சொல்லுதது நியாயம்" என்றாள் சபூரா. அவள் முகம் சிவந்திருந்தது. இத்தனை நாளில் எத்தனை வீட்டு முடிவுகளைப் பதிந்திருக்கிறாள். அதில் எத்தனை மதினிகள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது. மேசை இழுப்பறையைத் திறந்து புதுப் பட்டை ஒன்றை எடுத்தாள். "நீங்களும் ஒரு மாசம் இதைக் கட்டுங்க. பொறவு உங்களுக்கும் இதே அறையைப் போட்டுத் தாறேன். நடக்கப் போனா எப்படி இருப்பீங்க, போகலன்னா எப்படி இருப்பீங்கன்னு நீங்களே பாருங்க. அதுவரைக்கும் அண்ணாச்சி முடிவையும் பதிய வேண்டாம். அவுக கால் ஒரு மாசம் தாங்கும்."

உலகம்மை கையை நீட்டினாள். சபூரா கட்டிவிட்டாள்.

"இது தண்ணியில நனையலாமா?" என்று கேட்டாள் உலகம்மை.

"குளிக்கும்போது கழட்ட வேண்டாம் மதினி."

"குளிக்கதுக்குக் கேக்கல. நீச்சலுக்கு."

"எந்த நீச்சலு?" என்றார் கோமதிநாயகம்.

"மாநகராட்சிக் குளத்துல, காலையில பொம்பளையாளுக நேரம். நீங்க இந்தப் பக்கம் கிளம்பினதும் நான் அந்தப் பக்கம் போயிருவேன். இப்பம் ஆழத்துப் பக்கம் விட்டுட்டாவ. அடுத்த மாசம் மேல இருந்து குதிக்கச் சொல்லித் தாறாவளாம்."

கோமதிநாயகம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தனக்காகக் காத்திருக்கிறாள் என்று அவர் நினைத்திருந்த உலகம்மை, அந்த நேரத்தில் ஆழத்தில் மிதந்துகொண்டிருந்திருக்கிறாள். ஊரில் யார் எப்போது செத்தார் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, தன் வீட்டுக்குள் ஒருத்தி நீந்தப் படித்தது தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேட்டி?"

"தலை ஈரமா இருக்கேன்னு ஒரு நாளாவது கேப்பீங்கன்னு பாத்தேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்த வயதில் அவளுக்கு ஆழத்தில் பயமே இல்லையா என்று ஆச்சரியமாக இருந்தது. அவளைப் பெண் பார்க்கப் போனபோதுகூடத் தரகர்தான் கேட்டார், அவள் அப்பாதான் பதில் சொன்னார். இன்றைக்குத்தான் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, டாக்டரும் சபூராவும் இரண்டு கோமதிநாயகங்களும் இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முன்னால் போய் நின்றார்.

"என் கூட நடக்க வாறியா?"

 உலகம்மை மணிக்கட்டைத் திருப்பிப் பட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் வியர்த்து வழிந்தபடி காத்துக்கொண்டிருந்தவரையும் ஒருமுறை பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அது வருகிறேன் என்கிற சிரிப்பா, வரமாட்டேன் என்கிற சிரிப்பா என்று கோமதிநாயகத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.